'ஸ்பானிஷில் பேசுகிறார்...' அமெரிக்க டி.வி சீரியல்கள் லத்தினோ குடும்பங்களை எப்படிக் காட்டுது தெரியுமா?

நைட் பதினோரு மணி. கையில மொபைல், காதுல இயர்போன். ஏதோ ஒரு அமெரிக்க சிட்காம் ஓடிட்டு இருக்கு. அந்த இங்கிலீஷ் உச்சரிப்பு சட்டுனு பிடிபடாதுன்னு சப்டைட்டிலும் ஆன் பண்ணி வெச்சிருக்கீங்க. கோபமா இருக்கிற அம்மா கேரக்டர் படபடன்னு நாலு வரி பேசித் தீர்க்கிறாங்க. எதிர்ல இருக்கிற கணவர் முழிக்கிறார். ஆர்வமா கீழே பார்த்தா, அடைப்புக்குறிக்குள்ள ரெண்டே வார்த்தை: 'ஸ்பானிஷில் பேசுகிறார்'.

என்ன பேசினாங்க? அது நமக்குத் தெரியாது. ஆனாலும் சிரிச்சுட்டோம்தானே!

அமெரிக்கத் தொலைக்காட்சி கிட்டத்தட்ட 70 வருஷமா லத்தினோ மக்களை இப்படித்தான் காட்டிட்டு வருது. அவங்க பேசுற விதம் காமெடி. பேசுற விஷயம் அடைப்புக்குறிக்குள். நடுவுல சில சீரியல்கள் அந்த அடைப்புக்குறியைத் திறந்தும் பார்த்திருக்கு. அந்தக் கதைதான் இது.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். மெக்சிகோ, கியூபா, கொலம்பியா, வெனிசுவேலா, ஹோண்டுராஸ்னு லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ளவர்களைத்தான் 'லத்தினோ' என்கிறார்கள். 2020 சென்சஸ்படி அமெரிக்காவில் அவர்கள் 6.2 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 19 சதவிகிதம். இதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். போர்ட்டோ ரிகோ மக்களோ 1917-லிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். ஆக, 'லத்தினோ என்றாலே பார்டர் தாண்டி வந்தவங்க' என்ற நினைப்பே தப்பு. ஆனா, டி.வி-யைப் பார்த்து வளர்ந்தா அந்த நினைப்புதான் வரும்.

இன்னொரு வார்த்தை 'அசிமிலேஷன்'. குடியேறியவர்கள் மொழி, பெயர், சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுட்டு, போன ஊர்க்காரங்க மாதிரியே ஆயிடறது. அமெரிக்காவை 'மெல்டிங் பாட்' என்பார்களே, உருக்குச் சட்டி... 1908-ல் இஸ்ரேல் ஸாங்வில் எழுதிய நாடகத்தின் தலைப்பு அது. எல்லாரும் உருகி ஒண்ணாயிடுவோம்னு கேட்க நல்லாத்தான் இருக்கு. யார் எவ்வளவு உருகணும் என்பதில்தான் சிக்கல்.

லூசி மட்டும்தான் கிண்டல் பண்ணலாம்!

1951-ல் சிபிஎஸ் சேனலில் தொடங்கியது 'ஐ லவ் லூசி'. லூசில் பால்தான் ஹீரோயின். அவருடைய கணவராக, நிஜக் கணவரான டெஸி அர்னாஸே நடிக்க வேண்டும் என்று லூசில் அடம்பிடித்தார். சேனல் தயங்கியது. டெஸி, கியூபாவின் சான்டியாகோ நகரில் பிறந்தவர். அவருடைய அப்பா அந்த ஊரின் மேயராக இருந்தவர். 1933 புரட்சியில் எல்லாம் போய், அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த குடும்பம். 'அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படி ஒரு உச்சரிப்புள்ள கணவனா, மக்கள் நம்புவாங்களா?' என்பது சேனலின் சந்தேகம். நிஜ வாழ்க்கையில் அவங்க ஏற்கெனவே தம்பதி என்பதுதான் இதில் வேடிக்கை. ரெண்டு பேரும் 1950-ல் ஊர் ஊராகப் போய் மேடையில் சேர்ந்து நடித்துக் காட்டி, மக்கள் கைதட்டலை நிரூபணமாக வைத்த பிறகுதான் வழி பிறந்தது.

சீரியலில் டெஸியின் பெயர் ரிக்கி ரிக்கார்டோ, கிளப்பில் இசைக்குழு நடத்துபவர். லூசி ஏதாவது ஏடாகூடம் செய்வார். ரிக்கி தலையில் கைவைத்து ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவார். ஆடியன்ஸ் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால், உள்ளே ஒரு விதி இருந்தது. ரிக்கியின் உச்சரிப்பை லூசி மட்டும்தான் கிண்டல் செய்யலாம். வேற யாராவது செய்தால் அது மனைவியின் செல்லச் சீண்டலாக இருக்காது, அவமானமாகிவிடும். இவ்வளவு நாசூக்கான விஷயத்தை 1950-களிலேயே புரிந்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்த பல சீரியல்களுக்கு அது மறந்தேபோச்சு.

1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறக்கும் எபிசோடு. பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடிப் பேர். கியூபா அப்பாவுக்கும் அமெரிக்க அம்மாவுக்கும் பிறந்த குழந்தையை அமெரிக்காவே கொண்டாடியது.

ஆனா, அதே காலத்தில் இன்னொண்ணும் நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஃபா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மெக்சிகன் வம்சாவளிக் குழந்தைகளுக்குத் தனியாக பிளாக்வெல் ஸ்கூல். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். 1954-ல் அந்தப் பள்ளி ஒரு 'இறுதிச்சடங்கு' நடத்தியது. குழந்தைகள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை ஒரு பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். செத்துப்போனவர் பெயர், 'மிஸ்டர் ஸ்பானிஷ்'! டி.வி-யில் ரிக்கி ஸ்பானிஷில் கத்தினால் நாடே ரசிக்குது. பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை அதே மொழியைப் பேசினால் குழி தோண்டுது. அந்தப் பள்ளி இப்போ தேசிய நினைவிடம்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடுத்து வந்த தலைமுறை புரியும். தான் பட்ட அடியைத் தன் பிள்ளை படக் கூடாதுன்னு வீட்டிலேயே ஸ்பானிஷை நிறுத்தின பெற்றோர் நிறைய பேர். 'உருகிப் போனாங்க'ன்னு வெளியில் இருந்து சொல்வது சுலபம்.

திருடன், எலி, தேனீ, டான்

குடும்பக் கதை இல்லாத இடங்களில் லத்தினோக்கள் எப்படி வந்தாங்க? 1967-ல் சோளச் சிப்ஸ் விளம்பரத்துக்கு வந்த 'ஃப்ரிட்டோ பண்டிட்டோ' என்ற கார்ட்டூன், பெரிய மீசையும் துப்பாக்கியுமாக மற்றவர்களின் சிப்ஸைத் திருடும் மெக்சிகன். மெக்சிகன்-அமெரிக்க அமைப்புகள் போராடி, 1971-ல் அது போய்ச் சேர்ந்தது. குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். நமக்கெல்லாம் தெரிஞ்ச ஸ்பீடி கொன்சாலஸ் எலிக்கும் அவரேதான் குரல்.

ஸ்பீடி விஷயம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். 'இது மெக்சிகன்களைக் கேலி செய்யுது' என்று கருதி 1999-ல் கார்ட்டூன் நெட்வொர்க் அதை நிறுத்தியது. திருப்பிக் கொண்டு வரச் சொல்லிக் குரல் கொடுத்தது யார் தெரியுமா? லத்தினோக்களின் மிகப் பழைய உரிமை அமைப்புகளில் ஒன்றான 'லூலாக்'! அவங்க கணக்கில் ஸ்பீடி ஒரு ஹீரோ. 2002-ல் எலி திரும்பி வந்தது. எது கேலி, எது கொண்டாட்டம் என்று அந்த மக்களைக் கேட்காமல் முடிவு பண்ணினால் இப்படித்தான் ஆகும்.

'தி சிம்ப்சன்ஸ்'ல தேனீ டிரெஸ் போட்டுக்கிட்டு அடி வாங்கும் ஸ்பானிஷ் காமெடியன் ஒருத்தர் வருவார், 'பம்பிள்பீ மேன்'. அதே சீரியலில் கடை வைத்திருக்கும் இந்தியர் அப்பு. ரெண்டுக்கும் பல வருஷம் குரல் கொடுத்தது ஒரே நபர், ஹேங்க் அஸாரியா. இந்தியரும் இல்லை, லத்தினோவும் இல்லை. 2017-ல் ஹரி கொண்டபொலு எடுத்த ஆவணப்படம் அப்புவைப் பெரிய விவாதமாக்கியது. பம்பிள்பீ மேனுக்காக அந்த அளவுக்கு யாரும் சண்டை போட்டதாகத் தெரியலை.

அப்புறம் போதைப்பொருள் டான்கள். 'நார்கோஸ்' பார்க்காதவங்க உண்டா? கொலம்பியாவின் பாப்லோ எஸ்கோபராக நடித்த வாக்னர் மோரா பிரேசில்காரர், தாய்மொழி போர்ச்சுகீஸ். அவருடைய ஸ்பானிஷைக் கேட்டு கொலம்பியாவில் நிறைய பேர் நெளிந்தார்கள். நமக்கு வித்தியாசமே தெரியலை. 'டிஃபைன் அமெரிக்கன்' என்ற அமைப்பும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நார்மன் லியர் மையமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், டி.வி-யில் வந்த குடியேறிகள் கேரக்டரில் மூன்றில் ஒரு பங்கு ஏதோ ஒரு குற்றத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

ஏன் எல்லாரும் கியூபாக்காரங்களாவே இருக்காங்க?

இந்தக் கட்டுரைக்காகப் பழைய சீரியல்களை வரிசைப்படுத்தினப்போ ஒரு விஷயம் உறுத்துச்சு. அமெரிக்க லத்தினோக்களில் கிட்டத்தட்ட 60 சதவிகிதம் மெக்சிகன் வம்சாவளி. கியூபா வம்சாவளி 4 சதவிகிதம்தான். ஆனா, மனசுக்கு நெருக்கமான குடும்ப சிட்காம் என்று பேசப்படுபவற்றில் கியூபா குடும்பங்கள் வந்துட்டே இருக்கு. ரிக்கி ரிக்கார்டோ கியூபா. 1977-ல் மயாமியின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் தயாரித்த, அமெரிக்காவின் முதல் இருமொழி சிட்காமான 'கே பாஸா, யு.எஸ்.ஏ?'வில் வரும் பென்யா குடும்பம் கியூபா. 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஒன் டே அட் எ டைம்' குடும்பமும் கியூபா.

காரணம் ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா, பேப்பர் விஷயம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. கம்யூனிஸ்ட் அரசிடமிருந்து தப்பி வந்தவர்கள் என்பதால் கியூபர்களுக்கு அமெரிக்கா தனிச்சட்டமே போட்டது, 1966-ல். வந்து கொஞ்ச காலம் தங்கியிருந்தாலே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதனால், கியூபா குடும்பத்தை வைத்துக் கதை எழுதுபவருக்கு விசா, கைது, நாடுகடத்தல் பற்றிய பயம் தேவையில்லை. பாட்டியின் சமையல், பேத்தியின் பாய்ஃப்ரெண்ட், ரெண்டு மொழிக் குழப்பம் என்று ஜாலியாகப் போகலாம். மெக்சிகன் குடும்பம் என்றால், கதவு தட்டும் சத்தமும் கூடவே வரும்.

'கே பாஸா'வை ஜாலி என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் தப்பு. தாத்தா பாட்டிக்கு ஸ்பானிஷ் மட்டும், பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் வசதி, நடுவில் அப்பா அம்மா ரெண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள். இந்த ரெண்டு மொழியில் எது தெரிந்தாலும் கதை புரியும்படி எழுதினார்கள். மொத்தம் 39 எபிசோடுதான். அடைப்புக்குறியைத் திறந்த முதல் சீரியல் என்று இதைத்தான் சொல்வேன்.

யார் யாராக நடிக்கலாம் என்பதிலும் இதே அலட்சியம் உண்டு. 1974-ல் வந்த 'சிக்கோ அண்ட் தி மேன்', கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மெக்கானிக் ஷெட்டில் நடக்கும் கதை. மெக்சிகன் இளைஞன் சிக்கோவாக நடித்த ஃப்ரெடி பிரின்ஸின் அம்மா போர்ட்டோ ரிகோ, அப்பா ஐரோப்பியர். 'மெக்சிகன் கேரக்டருக்கு மெக்சிகன் கிடைக்கலையா?' என்று எதிர்ப்பு கிளம்பியது. ஃப்ரெடி அதையும் தாண்டி ஸ்டாரானார். 1977-ல் தன் 22-வது வயதில் இறந்துபோனார்.

பெட்டியின் சிவப்பு போன்ச்சோ

'ஜஸ்ஸி ஜெய்சி கோயி நஹி' என்ற இந்தி சீரியல் 2003-ல் வந்தது. கண்ணாடி, பல்லில் கிளிப்... வீட்டில் அக்காவையோ அம்மாவையோ கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கலாம். அதன் மூலம் 'யோ சோய் பெட்டி, லா ஃபெயா' என்ற கொலம்பிய சீரியல். அங்கே பெட்டியின் பிரச்னை ரெண்டு: அழகு இல்லை, பணம் இல்லை. இந்தியா வந்தப்போதும் அதேதான்.

2006-ல் 'அக்லி பெட்டி'யாக அமெரிக்காவுக்குப் போனப்போ மூணாவதா ஒண்ணு சேர்ந்தது. பேப்பர்! நியூயார்க்கின் குயின்ஸில் வாழும் மெக்சிகன் குடும்பத்துப் பெட்டி சுவாரஸ், ஃபேஷன் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள். முதல் நாளே 'குவாடலஹாரா' என்று பெரிய எழுத்தில் போட்ட சிவப்பு போன்ச்சோவை மாட்டிக்கொண்டு போகிறாள். அப்பா வாங்கித் தந்தது. ஆபீஸே முறைக்குது. அந்த அப்பா இக்னாசியோவிடம் அமெரிக்காவில் வாழ்வதற்கான ஆவணம் இல்லை என்பது பிறகு தெரியவரும். விசாவுக்காக மெக்சிகோ போய் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஒரே கதைதான். நாடு மாறினதும் என்ன சேருது பாருங்க.

பெட்டி கடைசிவரை தன்னை முழுசாகக் கரைத்துக்கொள்ளவில்லை. நடித்த அமெரிக்கா ஃபெரெரா (ஆமாம், பெயரே 'அமெரிக்கா'தான்!) ஹோண்டுராஸிலிருந்து வந்த பெற்றோரின் மகள். இந்த ரோலுக்காக 2007-ல் எம்மி வாங்கினார்.

நானும் சிரிச்சிருக்கேன்

'மாடர்ன் ஃபேமிலி' குளோரியாவைப் பற்றிப் பேசாமல் முடியுமா? 2009 முதல் 2020 வரை, 11 சீசன். கொலம்பியாவில் பிறந்த சோஃபியா வெர்காரா அசத்தியிருப்பார். அவருடைய காமெடியில் பாதி, இங்கிலீஷ் வார்த்தைகளைத் தப்பாகச் சொல்வது. கணவருக்காக 'பேபி சீஸ்' ஆர்டர் பண்ணப் போய், குழந்தை ஏசு பொம்மைகளை வரவழைப்பார். 'பேபி சீஸஸ்', 'பேபி ஜீசஸ்'. நான் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன். இங்கே லூசி விதி கிடையாது. குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அவரைத் திருத்தலாம்.

ஆனா, பின்னாடி ஒரு காட்சியில் குளோரியா உடைந்துபோய்க் கேட்பார்: என் தலைக்குள்ள எல்லாத்தையும் மொழிபெயர்த்துட்டே இருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, ஸ்பானிஷ்ல நான் எவ்வளவு புத்திசாலின்னு உங்களுக்குத் தெரியுமா என்கிற அர்த்தத்தில். தாய்மொழி இல்லாத மொழியில் இன்டர்வியூ அட்டெண்ட் பண்ண யாருக்கும் அந்த இடம் சுருக்னு தைக்கும். அடுத்த எபிசோடில் சீரியல் பழையபடி ஜோக்குக்குத் திரும்பிடும், அது வேற விஷயம்.

குளோரியாவின் அந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி வந்தது 'ஜேன் தி வர்ஜின்' (2014-2019). பாட்டி ஆல்பா ஸ்பானிஷில் பேசுவார், பேத்தி ஜேன் இங்கிலீஷில் பதில் சொல்வாள். யாரும் அதை ஒரு ஜோக்காக்க மாட்டாங்க. சப்டைட்டிலில் பாட்டி சொல்வது முழுசாக வரும். பாட்டிக்கு அங்கே வாழ ஆவணம் கிடையாது. முதல் சீசனில் அடிபட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பார். இன்ஷூரன்ஸும் இல்லை, பேப்பரும் இல்லை; வெனிசுவேலாவுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று ஆஸ்பத்திரி சொல்லும். அப்போது திரையில், இது நிஜமாவே நடக்குது, தேடிப் பாருங்க என்று எழுத்து ஓடும். ரொமான்டிக் காமெடி பார்க்க உட்கார்ந்தவங்க மொபைலை எடுத்துத் தேடினாங்க.

2020-ல் வந்த 'பார்ட்டி ஆஃப் ஃபைவ்' இன்னும் ஒரு படி மேலே. இது 1994 சீரியலின் ரீமேக். பழைய கதையில் கார் விபத்தில் பெற்றோர் இறந்துபோக, அஞ்சு பிள்ளைகள் தனியா வாழ்வாங்க. புதுசில் பெற்றோர் உயிரோடுதான் இருக்காங்க, மெக்சிகோவுக்கு நாடுகடத்தப்பட்டிருக்காங்க. வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டே கைக்குழந்தையை வளர்க்கணும். ஒரே சீசனோடு நிறுத்திட்டாங்க. அதே வருஷம் வந்த 'ஜென்ட்டிஃபைட்', தாத்தாவின் டாக்கோ கடையைக் காப்பாற்றப் போராடும் மூணு பேரப்பிள்ளைகளின் கதை. கடை சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, முதல் சீசனின் கடைசியில் குடியேற்றத் துறை அதிகாரிகள் தாத்தாவைப் பிடித்துப் போவார்கள். இது ரெண்டே சீசன். 1980-களில் மயாமிக்குக் குடிவந்த டொமினிகன் குடும்பத்தைக் காட்டிய 'கோர்டிட்டா குரோனிக்கிள்ஸ்' 2022-ல் வந்தது, அதே வருஷம் ரத்து. குளோரியாவுக்கு 11 சீசன், இவங்களுக்கு ஒண்ணு, ரெண்டு. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

'நோ சாபோ' பசங்க

இன்ஸ்டாகிராமில் 'நோ சாபோ கிட்ஸ்' என்று தேடினா குவியும். ஸ்பானிஷில் 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்று சொல்லணும். மொழி சரியா வராத பிள்ளைகள் 'நோ சாபோ'ன்னு தப்பாச் சொல்வாங்க. அதையே கிண்டல் பெயரா வெச்சுட்டாங்க. பியூ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட சர்வேயில், லத்தினோவாக இருக்க ஸ்பானிஷ் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை என்று 78 சதவிகிதம் பேர் சொல்லியிருக்காங்க. ஆனா, ஸ்பானிஷ் சரியாத் தெரியாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதுக்காகச் சக லத்தினோக்களே தங்களைக் கூனிக்குறுக வெச்சிருக்காங்க என்கிறார்கள். பாட்டியை இங்கிலீஷ் தெரியலைன்னு சிரிச்சாங்க, பேத்தியை ஸ்பானிஷ் தெரியலைன்னு சிரிக்கிறாங்க. நடுவுல, மார்ஃபாவில் புதைச்ச அந்தப் பெட்டி.

'நெவர் ஹேவ் ஐ எவர்' தேவி விஸ்வகுமாரைப் பார்த்தப்போ இந்த இடம் நமக்கும் தட்டுப்பட்டிருக்கும். கலிஃபோர்னியா தமிழ்ப்பெண், கணேஷ் பூஜையில் ஒட்டவும் முடியாம, விலகவும் முடியாம நிற்பாளே, அதே தடுமாற்றம்தான்.

சரி, ஒண்ணே ஒண்ணு பார்க்கலாம்னா எது? 'ஒன் டே அட் எ டைம்'. லாஸ் ஏஞ்சலஸில் பாட்டி, அம்மா, ரெண்டு பிள்ளைகள். பாட்டி லிடியாவாக ரீட்டா மொரினோ. 1960 முதல் 62 வரை கியூபாவிலிருந்து 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் தனியே விமானத்தில் அனுப்பிய 'பெட்ரோ பான்' திட்டத்தில் வந்தவர் இந்த லிடியா. அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்காமலே பல வருஷம் இருந்திருக்கார் என்பது பிறகு தெரியவரும். வாங்கிட்டா, என்னைக்காவது ஊர் திரும்பிடுவோம் என்ற நினைப்பும் போயிடுமே! பேத்தி எலெனாவுக்கு 15-வது பிறந்தநாள் விழா 'கின்ஸன்யேரா' வரும். நம்ம மஞ்சள் நீராட்டு விழா அளவுக்கு ஊர் கூட்டிச் செய்வாங்க, வயசுக்கு வந்ததுக்கு இல்லை, 15 முடிஞ்சதுக்கு. 'இது பெண்ணடிமைத்தனம்'னு எலெனா முதலில் சண்டை போடுவாள். அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டாள், அந்த மேடையில் என்ன நடந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் டிஷ்யூ வெச்சுக்கோங்க. மூணு சீசனோடு 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்த, ரசிகர்கள் சண்டை போட்டு வேறு சேனலில் இன்னொரு சீசன் வாங்கினாங்க.

நேரமே இல்லைன்னா, ரெண்டாவது சீசனின் முதல் எபிசோடு மட்டும் பாருங்க. தம்பி அலெக்ஸைப் பார்த்து யாரோ 'மெக்சிகோவுக்கே திரும்பிப் போ'ன்னு கத்தியிருப்பாங்க. அவன் பிறந்தது லாஸ் ஏஞ்சலஸில், குடும்பம் கியூபா. அக்கா எலெனா ஆவேசமா அவனுக்காகப் பேச ஆரம்பிப்பாள். பேசிட்டு இருக்கும்போதே அவளுக்கு உறைக்கும்: தம்பியை விட அவள் வெள்ளைத்தோல். இந்த வார்த்தையை இதுவரை ஒருத்தர்கூட அவளைப் பார்த்துச் சொன்னதில்லை.